சீழுக்கு வைத்த பெயர்

பல்பொடிப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் ஒரு நோய்ப் பட்டியல் அச்சாகியிருக்கும். பல்வலி, பல்கூச்சம், வாய்நாற்றம், ஈறுவீக்கம், பல்லாட்டம் என்று வரிசையாக வந்து, கடைசியில் ‘பயோரியா’ என்று முடியும். முதல் ஐந்துக்கும் உரை தேவையில்லை. ஆறாவது மட்டும் புரியாது. புரியாததாலேயே கொஞ்சம் அச்சம் தரும். ‘அவருக்குப் பயோரியா வந்து பல்லெல்லாம் போயிடுச்சு’ என்று பேசிக்கொள்ளும்போது, அது எங்கிருந்தோ வந்து சிலரை மட்டும் பிடிக்கிற தனி வியாதி என்ற தொனி இருக்கும்.

அந்தப் பட்டியலில் உள்ள ஈறுவீக்கம், வாய்நாற்றம், பல்லாட்டம், பயோரியா ஆகிய நான்கும் பெரும்பாலும் ஒரே நோயின் வெவ்வேறு கட்டங்கள்தாம். நான்கு பெயர்கள் இருப்பதால் நான்கு நோய்கள் என்று நினைக்கிறோம்.

பல் மருத்துவப் பாடநூல்கள் ‘பயோரியா’வைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அங்கே இப்போது வழங்கும் பெயர் ‘பெரியோடான்டைட்டிஸ்’. பழைய பெயர் அழகாக இல்லை என்பதற்காக மாற்றவில்லை. நோய் முற்றியபின் கண்ணில் படும் ஓர் அடையாளத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. அந்தப் பெயரால் நோயை அறிந்தவர்கள் அந்த அடையாளம் தெரியும்வரை காத்திருந்தார்கள். பலர் இன்றும் காத்திருக்கிறார்கள்.

சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

பயாலஜியில் வருகிற ‘பயோ’ அல்ல இது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. கிரேக்கத்தில் இரண்டும் வேறு. அது உயிரைக் குறிக்கும் ‘பியோஸ்’. இது சீழைக் குறிக்கும் ‘பியோன்’. பின்பாதியான ‘ரியா’வுக்கு ஒழுகுதல், பெருகுதல் என்று பொருள். டயரியாவிலும் கோனோரியாவிலும் இருப்பது இதே ரியாதான். ஆக, பயோரியா என்றால் சீழ் ஒழுகல். அதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை.

மருத்துவ நூல்கள் எழுதிய முழுப்பெயர் ‘பயோரியா ஆல்வியோலாரிஸ்’. பின்னால் ஒட்டியிருப்பது லத்தீன். சிறு குழி என்ற சொல்லிலிருந்து பிறந்தது. தாடை எலும்பில் பல் ஊன்றி நிற்கும் குழியை அது சுட்டுகிறது. பல்குழியிலிருந்து சீழ் ஒழுகல் என்பது முழுப்பெயரின் பொருள்.

கிரேக்கமும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், இந்தப் பெயரின் இரண்டு பாதிகளுக்கும் இங்கே உறவினர் உண்டு. பியோனுக்கு உறவு, சீழைக் குறிக்கும் ‘பூயம்’. ரியாவுக்கு உறவு ‘ஸ்ராவம்’. பழைய மருத்துவக் கட்டுரைகளில் ரத்தஸ்ராவம் என்று வருமே, அந்த ஸ்ராவம். புதிதாக வந்த பெரியோடான்டைட்டிஸ் என்ற பெயரின் நடுவிலும் ஒரு தெரிந்த முகம் ஒளிந்திருக்கிறது: கிரேக்கத்தில் பல்லைக் குறிக்கும் ‘ஓடோன்ட்’, சமஸ்கிருத ‘தந்த’த்துக்குப் பங்காளி. யானைத் தந்தம் என்று நாம் சொல்வதும் அந்தச் சொல்லைத்தான்.

பெயர் வருவதற்கு முன்பும் பின்பும்

நோய் பழையது, பெயர்தான் புதிது. நவீன பல் மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படும் பிரான்சு நாட்டின் பியர் ஃபொஷார், 1728-ல் தம் பெருநூலை வெளியிட்டார். 1746-ல் அது விரிந்த மறுபதிப்பாக வந்தது. ஈறு, பல், பல்குழி ஆகியவற்றை மட்டும் தாக்கும் ஒருவகை ஸ்கர்வி என்று இந்த நோயை அவர் கருதினார். நீண்ட கடற்பயணங்களில் மாலுமிகளின் ஈறுகளை அழுகச் செய்த ஸ்கர்விதான் அன்று எல்லோருக்கும் தெரிந்த ஈறு நோய். கையில் இருந்த பெயரையே அவர் இதற்கும் சூட்டினார். ஸ்கர்வி, வைட்டமின் சி குறைவால் வருவது. இரண்டுக்கும் காரணம் வேறு என்பது பிற்காலத்தில் தெரிந்தது.

‘பயோரியா’வை ஈறு நோய்க்குச் சூட்டியவர் என்று பல் மருத்துவ வரலாற்று நூல்கள் குறிப்பிடுவது அல்ஃபோன்ஸ் துவாராக் என்ற பிரெஞ்சு மருத்துவரை, ஆண்டு 1823. அமெரிக்காவில் அந்தச் சொல் 1870-களின் பிற்பகுதியில் பரவியது. அதற்குள் அங்கே வேறொரு பெயர் புழங்கத் தொடங்கியிருந்தது: ‘ரிக்ஸ் நோய்’.

கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட் நகரில் தொழில் செய்தவர் ஜான் மேங்கி ரிக்ஸ். மயக்க மருந்தின் வரலாற்றிலும் அவருக்கு இடம் உண்டு. 1844 டிசம்பர் 11 அன்று ஹோரஸ் வெல்ஸ் என்ற சக பல் மருத்துவர், சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடைத் தாமே முகர்ந்து, தம் பல்லைப் பிடுங்கச் சொன்னார். குறடு பிடித்த கை ரிக்ஸுடையது. வலி தெரியாமல் பல் பிடுங்க முடியும் என்பதற்கு முதல் சாட்சியான அந்த மனிதர், பிற்காலத்தில் பல்லைப் பிடுங்காமல் காப்பதற்காகவே பேர் பெற்றார். பல்லின் மேலும் ஈறுக்கு அடியிலும் படிந்த காரையைச் சுரண்டி எடுத்து, பல்லைத் தேய்த்து வழவழப்பாக்கினால் ஈறு தேறும் என்பது அவர் கொள்கை. 1876-ல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். ஈறை வெட்டி எறியும் அன்றைய வழக்கத்தை எதிர்த்தார். இன்று ‘ஸ்கேலிங்’ என்று நாம் சொல்லும் சிகிச்சையின் அடித்தளம் இதுவே.

ரிக்ஸ் சொன்னதில் சாரம் இருந்தது. ஆனால் நிலைத்தது அவர் பெயர் அல்ல, சீழின் பெயர். கண்ணால் பார்க்கக்கூடியதும் அருவருப்பூட்டுவதும் சீழ்தானே.

சீழைத் துரத்திய காலம்

பெயரில் சீழ் இருந்தால் மருத்துவரின் கண்ணும் சீழின் மேலேயே இருக்கும். 1900-ல் வில்லியம் ஹன்ட்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், வாயில் உள்ள சீழ்தான் உடலின் பற்பல நோய்களுக்கு ஊற்று என்று எழுதினார். 1910-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் அதையே இன்னும் காரமாகப் பேசினார். மூட்டுவலியா, இரத்தசோகையா, வயிற்றுக் கோளாறா, முதலில் வாயைப் பார் என்ற போக்கு பரவியது. சீழ் வடியும் பல்லைப் பிடுங்கினால் ஊற்று அடைபடும் என்று நம்பி, காப்பாற்றியிருக்கக்கூடிய கணக்கற்ற பற்களைப் பிடுங்கித் தள்ளினார்கள். ‘பயோரியா வந்தால் பல் போகும்’ என்ற பேச்சு வெறும் கற்பனையிலிருந்து பிறக்கவில்லை; நோயோடு மருத்துவமும் சேர்ந்து அதை உண்மையாக்கிற்று.

இன்னொரு பக்கம், சீழில் எந்தக் கிருமி குடியிருக்கிறது என்ற தேடல் நடந்தது. 1914, 1915 ஆண்டுகளில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து டியூலேன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் கேசடி பாஸ், ஃபாஸ்டர் ஜான்ஸ் ஆகிய இருவரும், ஈறுச் சீழில் காணப்படும் ஒருவகை அமீபாதான் குற்றவாளி என்று அறிவித்தார்கள். அமீபாவால் வரும் சீதபேதிக்கு அப்போது எமெட்டின் என்ற மருந்து கைகொடுத்துக்கொண்டிருந்தது. அதையே பயோரியாவுக்கும் கொடுத்தார்கள். சில காலம் பெரிய பரபரப்பு. பிறகு, நோயில்லாத வாய்களிலும் அதே அமீபா இருப்பது தெரிந்தது. மருந்தால் நிலையான பலனும் இல்லை. எமெட்டின் ஓய்ந்தது.

பாஸ் ஓயவில்லை. டியூலேனில் மருத்துவக் கல்லூரித் தலைவராக இருந்து 1940-ல் ஓய்வு பெற்றபின், பல் சுத்தம் பற்றிய ஆராய்ச்சியில் முழுமூச்சாக இறங்கினார். ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் பிரஷ்ஷை ஏறத்தாழ 45 பாகை சாய்த்து வைத்து, சிறு அசைவுகளாகத் துலக்க வேண்டும் என்று 1948-ல் எழுதினார். இன்றும் பல் மருத்துவர்கள் கற்பிக்கும் ‘பாஸ் முறை’ அதுதான். ஒற்றைக் கிருமியைத் தேடி மருந்தால் கொல்ல நினைத்தவர், தினமும் படிகிற அழுக்கைத் தினமும் எடுப்பதே வழி என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தார். ஈறு நோய் பற்றிய அறிவு அந்த நூற்றாண்டில் நடந்துவந்த பாதையும் ஏறத்தாழ அதுவே.

இதற்கிடையே விளம்பரக்காரர்கள் பயோரியாவைக் கைப்பற்றிவிட்டார்கள். 1920-களில் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஃபோரன்ஸ் பற்பசை, ‘ஐந்து பேரில் நான்கு பேருக்குப் பயோரியா’ என்று மிரட்டி விற்றது. அதே ஃபோரன்ஸ் ஈறு காக்கும் பற்பசை என்ற பெயரோடு இந்தியாவுக்கும் வந்து, பல பத்தாண்டுகள் நம் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களில் இடம்பிடித்தது. மருத்துவர்கள் கைவிட்ட சொல் நம் நாட்டில் இன்னும் உயிரோடு இருப்பதில் இப்படிப்பட்ட விளம்பரங்களுக்கும் பங்கு உண்டு.

இடத்தைச் சொல்லும் பெயர்

1914-ல் ஜில்லெட் ஹேடன், கிரேஸ் ராஜர்ஸ் ஸ்பால்டிங் என்ற இரண்டு பெண் பல் மருத்துவர்கள் அமெரிக்காவில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பெண் மருத்துவர்களே அரிதாக இருந்த காலம் அது. அமைப்பின் பெயரில் அவர்கள் வைத்த சொல் ‘பெரியோடான்டாலஜி’. பல்லைச் சுற்றியுள்ளவற்றைப் பற்றிய கல்வி என்று பொருள். ‘பெரி’ என்றால் சுற்றி, ‘ஓடோன்ட்’ பல், ‘ஐட்டிஸ்’ அழற்சி. பெரியோடான்டைட்டிஸ், பல்லைச் சுற்றியுள்ள திசுக்களின் அழற்சி. சீழைப் பற்றி இந்தப் பெயரில் பேச்சே இல்லை. எங்கே நடக்கிறது, என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்கிறது.

அங்கே நடப்பது இதுதான். ஈறு பல்லோடு முழுக்க ஒட்டியிருப்பதில்லை. விளிம்பில் ஒரு மெல்லிய பள்ளம் உண்டு. நல்ல ஈறில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். அதற்குக் கீழே ஈறுத் திசுவும், பல்லை எலும்போடு கட்டிவைக்கும் நுண்ணிய நார்களும், தாடை எலும்பும் பல்லைப் பிடித்திருக்கின்றன. பல்லின்மேல் பாக்டீரியாக்கள் சேர்ந்து பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன. எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கி, படலம் கல்லாக இறுகிக் காரையாகிறது. காரையின் சொரசொரப்பு அடுத்த படலத்துக்கு வசதி.

இதற்கு உடல் எதிர்வினை காட்டுகிறது. ஈறின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன; வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன; ஈறு சிவந்து உப்புகிறது; துலக்கும்போது இரத்தம் கசிகிறது. இது முதல் கட்டம். லத்தீனில் ஈறைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘ஜிஞ்சிவைட்டிஸ்’ என்று இதற்குப் பெயர். இந்தக் கட்டத்தில் எலும்பு பத்திரமாக இருக்கிறது. படலத்தை அகற்றினால் ஈறு பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

சிலருக்கு அழற்சி ஆழத்துக்கு இறங்குகிறது. நார்கள் அறுபடுகின்றன. பள்ளம் 4, 5, 6 மில்லிமீட்டர் என்று ஆழமாகிப் பையாகிறது. பிரஷ் எட்டாத, காற்றுப் புகாத அந்தப் பைக்குள் ஆக்சிஜன் வேண்டாத பாக்டீரியாக்கள் செழிக்கின்றன. எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுவது பெரும்பாலும் பாக்டீரியா அல்ல, அதை எதிர்க்கக் கிளம்பிய நம் உடலின் வேதிப்பொருட்களே. இப்படிக் கரைந்த எலும்பு தானாக வளர்ந்து வராது. கிருமிகளைத் தின்று மடிந்த வெள்ளணுக்கள் திரண்டு வெளியேறுவதுதான் சீழ். அது நோயின் காரணம் அல்ல, விளைவு. நோய் உள்ள பலருக்குச் சீழ் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. சீழ் வராதவரை தனக்குப் பயோரியா இல்லை என்று நினைப்பவரின் எலும்பு, வலியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கரைந்துகொண்டிருக்கலாம்.

மலையகத்திலிருந்து கிடைத்த பாடம்

படலம்தான் மூலம் என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியது 1965-ல் வெளிவந்த ஓர் எளிய சோதனை. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோவும் சகாக்களும், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்களான 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சில நாட்களில் மறைந்தது.

அடுத்த கேள்வி: துலக்காமலே விட்டால் எல்லோருக்கும் பல் விழுமா? விடை தேடி லோவின் குழு 1970-ல் இலங்கைக்கு வந்தது. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்களின் வாயை 15 ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பரிசோதித்தது. இவர்கள் தென்னிந்தியாவிலிருந்து சென்றவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்கள். பிரஷ் பழக்கம் இல்லை. பல் மருத்துவமும் எட்டவில்லை. அந்த எட்டாமைதான் ஆய்வாளர்களை அங்கே அழைத்துச் சென்றது. யாரும் குறுக்கிடாதபோது இந்த நோய் எப்படி நடைபோடும் என்று அங்கே பார்க்க முடிந்தது. ஒப்பிடுவதற்கு, மருத்துவ வசதியில் குறையில்லாத நார்வேயின் ஆஸ்லோ நகரத்து மாணவர்களையும் கல்வியாளர்களையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

40 வயதை நெருங்கும்போது நார்வேக்காரர்களின் பல் சராசரியாக 1.5 மில்லிமீட்டர் அளவுக்குப் பிடிமானத்தை இழந்திருந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு அது ஏறத்தாழ 4.5 மில்லிமீட்டர். ஆனால் பெரிய வியப்பு தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. எல்லோர் வாயிலும் படலமும் காரையும் நிறைந்திருந்தன. எல்லோருக்கும் ஈறு அழற்சி இருந்தது. அப்படியிருந்தும் சுமார் 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாக முற்றி, 45 வயதுக்குள் ஏறத்தாழ எல்லாப் பற்களும் விழுந்தன. 81 விழுக்காட்டினருக்கு மிதமான வேகம். 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டி நோய் நகரவே இல்லை.

1986-ல் வெளியான இந்த முடிவுகள் ஈறு நோய் பற்றிய சிந்தனையையே திருப்பிப் போட்டன. அழுக்கு இல்லாமல் நோய் தொடங்காது. ஆனால் அழுக்கு மட்டுமே அதன் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. அவரவர் உடல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதும் முக்கியம். பரம்பரை, புகைபிடித்தல், சர்க்கரை நோய் எல்லாம் அந்த எதிர்வினையை மாற்றுகின்றன. இன்று உலகெங்கும் உள்ள பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் இந்த அறிவுக்கு, பெயர் தெரியாத தேயிலைத் தொழிலாளர்களின் விழுந்த பற்கள் ஆதாரம்.

இப்போதைய பெயர் என்ன கேட்கிறது?

2017-ல் சிகாகோவில் கூடிய உலக நிபுணர்கள் பெரியோடான்டைட்டிஸை வகைப்படுத்தும் முறையை மாற்றி அமைத்தார்கள். இப்போது நோயின் பெயரோடு இரண்டு செய்திகள் சேர்கின்றன. 1 முதல் 4 வரையான நிலை, எவ்வளவு சேதம் ஆகியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஏ, பி, சி என்ற தரம், எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைச் சொல்கிறது. நாளொன்றுக்குப் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ புகைப்பவரும், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7 அல்லது அதற்கு மேல் உள்ள சர்க்கரை நோயாளியும், வேகம் மிகுந்த சி தரத்தில் வைக்கப்படுகிறார்கள். இந்த உறவு இருவழிப் பாதை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு கெடும். ஈறுக்குச் சிகிச்சை எடுத்தால் எச்பிஏ1சி சில மாதங்களில் சராசரியாக 0.4 புள்ளி அளவுக்குக் குறைவதைப் பல சோதனைகள் சேர்ந்து காட்டியிருக்கின்றன. ஹன்ட்டரின் கூற்று மிகைதான். ஆனால் வாய்க்கும் உடலுக்கும் தொடர்பே இல்லை என்பதும் தவறு.

தீவிர ஈறு நோய் உள்ளவர்கள் உலகில் 100 கோடிக்கும் மேல் என்று 2022-ல் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இவ்வளவு பேர் இந்த நிலைக்கு வந்து சேர ஒரு காரணம், நோயின் முதல் அடையாளத்தை நாம் தப்பாகப் படிப்பது. துலக்கும்போது இரத்தம் வந்தால், பிரஷ் குத்திவிட்டது என்று நினைத்து அந்த இடத்தைத் தொடாமல் விடுகிறோம். தொடாத இடத்தில் படலம் பெருகி அழற்சி கூடுகிறது. நல்ல ஈறு மென்மையான பிரஷ்ஷுக்கு இரத்தம் கசியாது. கசிகிற இடத்தைத்தான் கவனமாகத் துலக்க வேண்டும். புகைப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது. புகை ஈறின் இரத்தக் கசிவைக் குறைத்து நோயை மறைத்துவிடும்.

இன்னொரு தப்பான பாடம், ‘கிளீன் பண்ணினால் பல் ஆடிப் போகும்’ என்பது. எலும்பு கரைந்த பல்லைச் சுற்றி இறுகியிருக்கும் காரை, மண் அரித்த கம்பத்தைச் சுற்றிப் பூசிய சிமெண்டு மாதிரி. பிடித்திருப்பது போலத் தோற்றம் தரும். அதை எடுத்ததும், ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரியவருகிறது. வீக்கம் வற்றி ஈறு சுருங்கும்போது பல் இடுக்கில் சந்து தெரிவதும் அப்படித்தான். பழி காரையை எடுத்தவர்மேல் விழுகிறது. அதனால் பயந்தவர்கள், பல் தானாக விழும்வரை பல் மருத்துவரிடம் போவதில்லை.

பல் மருத்துவர் மில்லிமீட்டர் கோடிட்ட மெல்லிய கம்பியை ஈறு விளிம்பில் நுழைத்து ஆழம் பார்ப்பார். ஓரிரு நிமிட வேலை. பெரிய வலி இல்லை. எலும்பு கரையத் தொடங்கியிருந்தால் சீழ் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தக் கம்பி காட்டிக்கொடுக்கும். ஈறில் இரத்தம் கசிகிறவர்களும், சர்க்கரை நோய் உள்ளவர்களும், புகைப்பவர்களும் பல் மருத்துவரிடம் போனால் ‘எனக்குப் பயோரியா இருக்கா?’ என்று கேட்பதைவிட, ‘பையின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர்?’ என்று கேட்பது நல்லது. முதல் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வரும் நாளில் காப்பாற்ற அதிகம் மிஞ்சியிருக்காது. இரண்டாவது கேள்விக்கு வருகிற எண்ணை அடுத்த முறை குறைக்க முடியும்.